இரவல் சாவு

ஹோமுக்குத்தான அக்கா? பையைப் பாத்தாலே தெரியுது. புதுச் செருப்பு, புதுப் பிரஷ்ஷு, ஒரு பாக்கெட் முறுக்கு. எல்லாரும் இதையேதான் வாங்கிட்டு வாறாங்க. செருப்பை முதல் நாளே எவளாவது மாத்திப் போட்டுக்கிடுவா. முறுக்கை உள்ள கொண்டு போகாதீங்க, இங்கயே பிள்ளைக்குத் தின்னக் குடுத்துருங்க. உள்ள போனா பங்கு வைக்கணும். பங்கு வச்சா அவளுக்குத் தூள்தான் மிஞ்சும்.

உக்காருங்க. இப்ப கேட்டைத் தட்டினாலும் திறக்க மாட்டாங்க, ஜெப நேரம். வாட்ச்மேனுக்குக் காது கேக்காது. கேட்டாலும் வர மாட்டாரு. என் பஸ்ஸும் இப்ப வராது. இந்த ரோட்டுல பஸ்ஸுங்கது சும்மா ஒரு நம்பிக்கைதான்.

நானா? நான் இங்கதான் இருந்தேன். இன்னைக்குத்தான் வெளிய வாறேன். ப்ளஸ் ஒன்ல பாதியில நிறுத்திட்டேன். படிப்பு ஏறல. ஏறலன்னா ஏறல, அதுல என்ன வெக்கம்? மதுரையில ஒரு ஜவுளிக்கடையில வேலை சொல்லியிருக்காங்க. தங்க இடம் உண்டாம், சோறு உண்டாம், ராத்திரி கதவை வெளிய பூட்டுவாங்களாம். இன்னொரு ஹோம்தான். என்ன, அங்க பாட்டுப் பாடச் சொல்ல மாட்டாங்க.

பிள்ளை ஃபுல்லா, செமியா?

முழிக்காதீங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லன்னா ஃபுல்லு. ஒருத்தர் இருந்தா செமி. பெரியவங்க வச்ச பேருதான், நாங்களும் அப்படியே சொல்லுவோம். நீங்க பெத்த அம்மாதான? சொல்லவே வேண்டாம், பிள்ளை மூக்கு சொல்லுது. அப்ப செமி.

செமின்னா பரவால்லன்னு நினைப்பீங்க. உள்ள வந்து பாத்தாத்தான் தெரியும். செமிக்கு மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஆள் வரும். பலகாரம் வரும். அது சரி. ஆனா கிறிஸ்மசுக்கு நல்ல கவுனு யாருக்கு? ஃபுல்லுக்கு. வாறவங்க யாரைத் தூக்கி மடியில வச்சு போட்டோ எடுப்பாங்க? ஃபுல்லை. செமியைப் பாத்து, "அம்மா இருக்காங்களா? ஓ, நல்லதும்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த பிள்ளைகிட்ட போயிருவாங்க. சண்டை வந்தா ஃபுல்லுங்க எங்களைப் பாத்து, "போடி அரை டிக்கெட்டு"ன்னு சொல்லும்.

நானும் செமியாத்தான் வந்தேன் அக்கா. எங்க அப்பா லாரியில அடிபட்டுச் செத்துட்டாரு. அம்மா பேரு ஆவுடை. கொல்லத்துல இறால் உரிக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போனா. "அங்க ஷெட்டுலதான் பிள்ளை படுக்கணும். ஆம்பளைங்க நடமாடுற இடம். பொட்டப்பிள்ளைய வச்சுக்கிட முடியாது. ஒரு வீடு பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்"னா. இந்தா, இந்தக் கேட்டுகிட்ட நின்னுதான் சொன்னா. நான் அதையே பிடிச்சுக்கிட்டேன். வீடு பாத்துட்டு வருவா. கூட்டிட்டுப் போவா. எனக்கு வேற ஒண்ணுமே வேண்டாம். ஐயா, அதான் ஹோமை நடத்துற பாஸ்டர், ஜெபத்துல பிள்ளைங்ககிட்ட, "ஆண்டவர்கிட்ட என்ன கேக்கணும்"னு கேப்பாரு. ஒருத்தி நல்ல புத்திம்பா. ஒருத்தி நல்ல படிப்பும்பா. நான், "கொல்லத்துல ஒரு வீடு ஐயா"ன்னு சொல்லுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. ஐயாவும் சிரிப்பாரு. ஆனா ஜெபம் பண்ணுவாரு. அதைச் சொல்லணும். "ஆண்டவரே, கொல்லத்திலே ஒரு வீடு"ன்னு கண்ணை மூடிக்கிட்டு சத்தமாச் சொல்லுவாரு.

முதல்ல கொஞ்ச நாள் வந்தா. பிறகு வரத்து குறைஞ்சுது. பிறகு இல்ல.

உங்களை ஒண்ணும் சொல்லல அக்கா. பொதுவாச் சொல்லுதேன்.

ஐயா நல்ல மனுஷன்தான். அடிக்க மாட்டாரு. சோத்துக்குக் குறை இருக்காது. பேன் வந்தா முடியை ஒட்ட வெட்டிருவாங்க, அது ஒண்ணுதான். பேரை மாத்துவாங்க. எனக்கு அம்மா வச்ச பேரு முத்துப்பேச்சி. உள்ள போன வாரத்துலயே எமீமாள்னு ஆக்கிட்டாங்க. நல்ல பேருதான். மைக்கில சொன்னா எடுப்பா இருக்கும்.

மைக்குன்னதும் சொல்லுதேன். உங்க பிள்ளைக்கு வாய் உண்டா? இல்ல, இப்படித்தான் உங்க சேலைக்குப் பின்னாலயே நிப்பாளா? வாய் இருந்தா அவளுக்கும் ஒரு நாள் சாட்சி சொல்லுற வேலை வரும்.

சாட்சின்னா கோர்ட்டு சாட்சி இல்ல. வெளியூர்லேர்ந்து ஆளு வருவாங்க. சபையிலேர்ந்து வருவாங்க. பிறந்தநாள்னு வருவாங்க, கல்யாண நாள்னு வருவாங்க. பிரியாணிப் பொட்டலம் குடுப்பாங்க. குடுக்கதுக்கு முன்னால நாங்க ரெண்டு பாட்டுப் பாடணும். நடுவுல ஒரு பிள்ளை எந்திரிச்சு, நான் இப்படிக் கஷ்டப்பட்டேன், இப்படி அழுதேன், ஆண்டவர் என்னை இங்க கொண்டு வந்து சேத்தாருன்னு சொல்லணும். அதான் சாட்சி. முன்னால ஒரு பெரிய அக்கா சொல்லுவாங்க. அவங்க நர்ஸ் வேலைக்குப் போனதும் ஐயா ஒவ்வொருத்தியாச் சொல்லிப் பாக்கச் சொன்னாரு. ஒருத்தி மைக்கைப் பாத்துச் சிரிச்சுட்டா. ஒருத்தி அங்கயே ஒண்ணுக்குப் போயிட்டா. நான் நின்னேன். கணீர்னு சொன்னேன். அன்னைலேர்ந்து நான்தான்.

முதல்ல உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன். அப்பா லாரியில செத்தது, வேட்டியில ரத்தம், எல்லாம். ஜனங்க கண்ணைத் துடைப்பாங்க. அப்ப ஒரு அம்மா கேப்பாங்க, "அம்மாவும் இல்லையாடா?" நான், "அம்மா கொல்லத்துல இருக்காங்க, வீடு பாக்காங்க"ன்னு சொல்லுவேன். அவ்வளவுதான். அழுதவங்க மூஞ்சி எப்படி ஆயிரும்னு நீங்க பாக்கணும். தும்மல் வாற மாதிரி வந்து வராம போயிட்டா ஒரு மாதிரி நிப்போம்லா, அப்படி நிப்பாங்க. எனக்கே பாவமா இருக்கும்.

ஐயா பொய் சொல்லச் சொல்லல. அது சத்தியம். "அம்மாவைப் பத்தி ஒண்ணும் சொல்லாம விட்டுரு மகளே"ன்னாரு. விட்டா விடுறாங்களா? கேக்காங்கள்லா. கேட்டா நான் என்ன செய்ய?

அப்பத்தான் தெபொராள் அம்மா சாவு கையில கெடச்சுது.

தெபொராள் எனக்கு ஜோடி. பாய் பக்கத்துல பாய். அவ ஃபுல்லு. ஆனா ஃபுல்லுக்கு உள்ள ஒரு கெத்து அவகிட்ட கிடையாது. பேச மாட்டா. ஊமை இல்ல, திக்குவாயும் இல்ல, சும்மா பேச மாட்டா. டீயும் குடிக்க மாட்டா. காலையில அவ டீ எனக்குத்தான். ஏன் குடிக்க மாட்டேங்கான்னு நான் கேட்டதே இல்ல. கேட்டு அவ குடிக்க ஆரம்பிச்சுட்டா?

ஒரு நாள் துணி துவைக்கிற கல்லுகிட்ட அவளாவே சொன்னா. அவங்க அம்மா பெரியாஸ்பத்திரி வராண்டாவுல கிடந்திருக்காங்க. பெட்டு இல்லையாம். இவகிட்ட டம்ளரைக் குடுத்து, "டீ வாங்கிட்டு வா பிள்ளை, தொண்டை காயுது"ன்னு அனுப்பியிருக்காங்க. இவ வாங்கிட்டு வந்தா அம்மா தூங்குதாங்க. எழுப்பினா திட்டுவாங்கன்னு பக்கத்துல உக்காந்துட்டா. டீ ஆறுது. ஆறின டீயைக் குடுத்தாலும் திட்டுவாங்க. என்ன செய்யன்னு தெரியாம இவளே குடிச்சுட்டா. குடிச்சு முடிச்சு டம்ளரைக் கவுத்து வைக்கும்போது நர்ஸ் வந்து, அம்மா மூஞ்சியில துணியை இழுத்து மூடியிருக்காங்க.

இதைச் சொல்லிட்டு அவ பாட்டுக்குத் துணியைக் கும்முனா. யாருகிட்டயும் சொல்லாதன்னு அவ சொல்லவே இல்ல அக்கா. சொல்லியிருந்தா நான் ஏன் சொல்லப் போறேன்? அவளும் சொல்ல மாட்டேங்கா. அவ அம்மா சாவு சும்மாதான கெடக்கு?

அடுத்த ஞாயித்துக்கிழமை, "அம்மாவும் இல்லையாடா"ன்னு ஒருத்தங்க கேட்டாங்க. எனக்கு வாயில அது வந்துட்டு. வராண்டா, டம்ளரு, டீ, எல்லாம். "அந்த டீயை நானே குடிச்சுட்டேன்"னு சொல்லி நிறுத்தினேன். எங்க நிறுத்தணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரல, அது தானா வரும். நிறுத்திட்டு தரையைப் பாத்து உள்ளுக்குள்ள ஏழாம் வாய்ப்பாடு சொல்லுவேன். பாதி வாய்ப்பாடு வாறதுக்குள்ள முதல் மூக்கு சிந்துற சத்தம் கேட்டுரும். அப்புறம் மளமளன்னு எல்லாரும். பெங்களூர்லேர்ந்து வந்த ஒரு ஆன்ட்டி ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சாங்க. அவங்க சென்ட்டு வாசனை மறுநாளும் என் சட்டையில இருந்துச்சு. என் படிப்பை அவங்க குடும்பமே ஏத்துக்கிட்டாங்க. நான் செமியிலேர்ந்து ஃபுல்லு ஆயிட்டேன்.

தெபொராளா? அவ பாட்டுக் கூட்டத்துல எனக்குப் பின்னாலதான் நின்னா. ராத்திரி பாயை மட்டும் சுவத்துப் பக்கமா நகத்திப் போட்டா. காத்து வரலன்னு நான் நினைச்சேன்.

அப்புறம் அசனம் வந்துச்சு. அசனம்னா உங்களுக்குத் தெரியாதோ? நீங்க கோயில் கொடைக்காரங்களா? எங்கள்ல வருஷத்துக்கு ஒரு நாள் சபையில எல்லாருக்கும் சோறு. கிடா வெட்டி, அண்டா அண்டாவா ஆக்கி, யாரு வந்தாலும் இலை போடுவாங்க. அந்தச் சாதி இந்தச் சாதி கிடையாது, ரோட்டுல போறவனும் வந்து உக்காரலாம். ஹோம்லயும் அப்படித்தான். பந்தல் போட்டு, மேடை போட்டு, பெங்களூர் ஆன்ட்டியும் குடும்பத்தோட வந்து முன்னால நாற்காலியில உக்காந்திருந்தாங்க.

எனக்கு அப்ப நல்ல வளத்தி. பேன் வந்து முடியை ஒட்ட வெட்டியிருந்தாங்க. கண்ணாடியும் போட்டிருந்தேன். ஆன்ட்டி குடுத்த கவுனு. "இப்பொழுது எமீமாள் சாட்சி சொல்லுவாள்"னு ஐயா மைக்கில சொன்னாரு. அப்பா கதையை விட்டுட்டேன், அம்மா சாவை மட்டும் சொன்னேன். அன்னைக்கு மாதிரி நான் சொன்னதே இல்ல. அண்டாவுல கரண்டி போட்டவன் கூட நிறுத்திட்டான். பாயில உக்காந்திருந்த ஊர்ப் பொம்பளைங்கள்லாம் முந்தானையை வாயில பொத்திக்கிட்டு அழுதாங்க. அதுல கடைசியில ஒருத்தி, மடியில ஒரு பயலை வச்சுக்கிட்டு, மாரில அடிச்சுக்கிட்டு அழுதா.

அவ முழங்கைக்குக் கீழ பச்சை குத்தியிருந்துச்சு. தேள்.

எங்க அம்மா.

நான் பாத்ததுமே கண்டுபிடிச்சுட்டேன் அக்கா. அத்தனை வருஷம் கழிச்சு, அத்தனை தூரத்துலேர்ந்து. அவளுக்குத் தெரியல. யாரோ பெத்த அனாதைப் பிள்ளைன்னு நினைச்சு அவ என்னைப் பாத்து அழுவுதா.

பந்திக்கு முன்னால கை கழுவுற இடத்துல என்கிட்டயே வந்தா. வந்து என் தாடையைத் தொட்டு நெட்டி முறிச்சா. "ஏ பாப்பா, உன் சொல்லைக் கேட்டு எனக்கு நெஞ்சே வெடிச்சிட்டு. உன்னைப் பெத்தவ குடுத்து வச்சவ. பாக்கத்தான் இல்லாம போயிட்டா"ன்னா. "இங்க முத்துப்பேச்சின்னு ஒரு பிள்ளை இருக்கா. எம் மக. உனக்குத் தெரியுமா? காட்டுதியா?"ன்னா.

"எதுக்குத் தேடுதீங்க?"ன்னு கேட்டேன்.

"கூட்டிட்டுப் போகத்தான். வீடு கெடச்சிட்டு"ன்னா.

வீடு கெடச்சிட்டு. அவ வாயாலயே சொன்னா. நான் கேட்டது, ஜெபம் பண்ணினது, எல்லாம் அந்தா என் முன்னால நிக்குது. நான்தான்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. ஆனா நான் ஏன் சொல்லணும்? நீங்களே சொல்லுங்க. பெத்தவளுக்குத் தெரிய வேண்டாமா? முடி இல்லன்னா மூஞ்சியுமா இல்லாம போயிட்டு? இன்னொரு தடவை பாக்கட்டும்னு நின்னேன். "நல்லாப் பாருங்க, இங்கதான் எங்கயாவது இருப்பா"ன்னேன். அவ நல்லாத்தான் பாத்தா. எனக்கு இந்தப் பக்கம் நின்னவளைப் பாத்தா, அந்தப் பக்கம் நின்னவளைப் பாத்தா. தெபொராளைக் கொஞ்ச நேரம் உத்துப் பாத்தா.

அதுக்குள்ள மேட்ரன் அக்கா வந்துட்டாங்க. அவங்களுக்கு அம்மாவைத் தெரியும். "ஆவுடையா? எம்மாடி, உயிரோடத்தான் இருக்கியா? இந்தா நிக்காளே உம் மக, அவகிட்டயே வழி கேக்கியா"ன்னு சிரிச்சுட்டாங்க.

அம்மா என்னைப் பாத்தா. "இவளா? இவ அம்மா செத்துட்டான்னுல்லா சொன்னா"ன்னா. சத்தமா. கூறு கெட்டவ. பக்கத்துல பெங்களூர் ஆன்ட்டி கை கழுவிக்கிட்டு நிக்காங்க. அவங்களுக்குத் தமிழ் நல்லாத் தெரியும்.

ஐயா எங்க ரெண்டு பேரையும் அரிசி மூட்டை வைக்கிற ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அவருக்கு வேர்த்துட்டு. "என்ன மகளே இது"ன்னு என்னைக் கேட்டாரு. அவருக்குத் தெரியாத மாதிரி. அம்மா அழல, கத்தல. ஒரு மூட்டை மேல உக்காந்துக்கிட்டா. "எனக்கு டீ வாங்கிட்டு வந்தியா பிள்ளை? நான் குடிக்காமலே போயிட்டேனா?"ன்னு கேட்டா. கேட்டுட்டுச் சிரிச்சா. அந்தப் பய, என் தம்பியாம், அரிசியை அள்ளி வாயில போட்டுக்கிட்டிருந்தான்.

ஐயா சொன்னாரு, "கூட்டிட்டுப் போறதுன்னா தாராளமாப் போங்கம்மா. உங்க பிள்ளை. ஆனா வெளிய நிக்கிறவங்கதான் இவ படிப்பைப் பாக்காங்க. இவளை மட்டும் இல்ல, இன்னும் நிறையப் பிள்ளைங்களைப் பாக்காங்க. இது பொய்னு அவங்க போயிட்டாங்கன்னா..." அதுக்கு மேல அவரு சொல்லல. அவருக்கும் எங்க நிறுத்தணும்னு தெரியும்.

அம்மா என்னைப் பாத்துக் கேட்டா, "இங்க நல்லா இருக்கியா?"

என்ன கேள்வி அது? வா பிள்ளைன்னு கையைப் பிடிச்சு இழுத்தா நான் வந்துட்டுப் போறேன். கேள்வி கேட்டா? நான், "இருக்கேன்"ன்னேன். இருக்கேன்தான. நல்ல கவுனு போட்டிருக்கேன், கண்ணாடி போட்டிருக்கேன். இல்லன்னு எப்படிச் சொல்ல முடியும்?

அவ எந்திரிச்சா. சேலையை உதறிக்கிட்டா. பயலை இடுப்புல வச்சா. நேரா வெளிய போயி ஆன்ட்டி முன்னால நின்னு கும்பிட்டா. "அம்மா, நான் இவளுக்குச் சித்தி முறை. தூரத்துச் சொந்தம். அந்தக் கூட்டத்துல ஆளு தெரியாம உளறிட்டேன். இவ அம்மா செத்தது நெசந்தான். நான்தான் கிட்ட இருந்து குளிப்பாட்டினேன்"ன்னா.

குளிப்பாட்டினேன்னு சொன்னா அக்கா. அது என் சாட்சியில கூடக் கிடையாது. அவளாவே சேத்துக்கிட்டா.

ஆன்ட்டி அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. அப்புறம் இலை போட்டாங்க. அம்மா சாப்பிடாம போயிட்டா. மேட்ரன் அக்கா ஓடிப் போயி ஒரு தூக்குவாளியில கறியும் சோறும் குடுத்தாங்க, வாங்கிக்கிட்டா. இந்த ரோட்டுல இதே மாதிரி பஸ்ஸுக்கு நின்னா. நான் மாடி ஜன்னல்லேர்ந்து பாத்தேன். ஒரு தடவை திரும்பிப் பாப்பான்னு நினைச்சேன். பய அழுதான், அவனைச் சமாதானம் பண்ணிக்கிட்டே ஏறிட்டா.

இப்ப நீங்க சொல்லுங்க. நான் சொன்னது பொய்யின்னு வச்சுக்கிடுவோம். நான் சின்னப் பிள்ளை. அவ? கூட்டிட்டுப் போறேன்னு வந்தவ, என் முன்னால நின்னு தானே செத்துட்டதாச் சொல்லிட்டுப் போறாளே, அதை எதுல சேக்க? ஒரு பொம்பளை தன் சாவுக்குத் தானே சாட்சி சொல்லுவாளா?

எனக்காகத்தான்னு மேட்ரன் அக்கா சொன்னாங்க. எனக்காகவா? நான் கேட்டேனா? நான் கேட்டது வீடு.

சரி, அதை விடுங்க. அதை விடப் பெரிய கூத்து தெபொராள். அன்னைக்குச் சாயங்காலம் அண்டா கழுவிக்கிட்டிருந்தோம். அவ சாம்பலைப் போட்டுத் தேய்ச்சுக்கிட்டே, "உங்க அம்மா வந்துட்டாள்லா"ன்னா. "ம்"ன்னேன். "அப்ப எங்க அம்மாவைக் குடுத்துரு"ன்னா.

"குடுக்கதுக்கு என்னட்டி இருக்கு? வச்சுக்கோ. நான் இனிமே சொல்லல"ன்னேன். சத்தியமா அப்படித்தான் சொன்னேன். சொன்ன மாதிரியே அடுத்த கூட்டத்துக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு ஐயாகிட்ட சொல்லிட்டேன். ஐயாவுக்கும் அது நல்லதுன்னு பட்டிருக்கும். "வேற யாரு சொல்லுதீங்க"ன்னு கேட்டாரு. தெபொராள் கையைத் தூக்கினா.

ஹோமே வாயைப் பிளந்துட்டு. அந்தப் பிள்ளை அத்தனை பேர் முன்னால வந்து மைக்கைப் பிடிச்சுது. அவ அம்மா, அவ வராண்டா, அவ டீ. ஆனா அவளுக்குச் சொல்லத் தெரியல அக்கா. நிறுத்தக் கூடாத இடத்துல நிறுத்துதா. டம்ளரு என்ன நிறம்னு சொல்லுதா. வராண்டாவுல ஒரு நாய் படுத்திருந்துச்சுங்கா. அது யாருக்கு வேணும்? ஜனங்களையே உத்துப் பாத்துக்கிட்டுச் சொல்லுதா. டீ வாங்கிட்டு வந்த இடம் வரும்போது முன்னால உக்காந்திருந்த பெங்களூர் ஆன்ட்டி பக்கத்து ஆளுகிட்ட, "இது எமீமா சொல்றதுல்ல? அப்படியே மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கே"ன்னாங்க. அந்த ஆளு சிரிச்சுட்டாரு. ஐயா கீபோர்டு வாசிக்கிற அண்ணனைப் பாத்துக் கையைக் காட்டினாரு. பாட்டு ஆரம்பிச்சுட்டு. தெபொராள் கதையில இன்னும் டம்ளரைக் கவுத்தவே இல்ல, அதுக்குள்ள எல்லாரும் கை தட்டிப் பாடுறாங்க. மைக்கை இறக்காம அப்படியே நின்னா.

அப்புறம் ஐயா அவளைக் கூப்பிட்டு, நயமாத்தான் சொன்னாரு, "மகளே, அடுத்தவ சாட்சியைத் திருடக் கூடாது"ன்னு. அவருக்கு நெசம்மாவே தெரியாது. என்கிட்ட அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவரு கேட்டதே இல்லையே.

நான் எந்திரிச்சு உண்மையைச் சொல்லியிருக்கலாம்லான்னு நினைக்கீங்க. உங்க மூஞ்சி சொல்லுது. என்னத்தைச் சொல்ல? எங்க அம்மா உயிரோட இருக்கான்னா? அவளே கும்பிட்டுச் சொல்லிட்டுப் போயிருக்கா, செத்துட்டேன்னு. பெத்தவ சொல்லை நான் மீற முடியுமா?

தெபொராள் என்கிட்ட சண்டை போடல. அதான் அவகிட்ட உள்ள குணமே. ஒரே ஒரு தடவை கேட்டா, "நெசமாவே அது எங்க அம்மாதானா? இல்ல உங்க அம்மாவா? எனக்கு இப்ப குழம்புது"ன்னு. "லூசு மாதிரிப் பேசாத"ன்னேன். மறுநாள் காலையில அவ டீயை எனக்கு நீட்டல. அவளே குடிச்சா. அன்னைலேர்ந்து தினம் குடிக்கா. என் பங்கு போச்சு.

உள்ளதான் இருக்கா. சமையல்கட்டுல. உங்க பிள்ளைக்குச் சோறு போடுறது அவதான்.

எதுக்குக்கா அழுவுதீங்க? நான் அழச் சொல்லியா சொன்னேன்? இதைச் சொன்னா எல்லாரும் அழுவுதாங்க. இப்ப நான் வாய்ப்பாடு கூடச் சொல்லல. வீட்டுக்குத் திரும்பிப் போறீங்களா? எந்த வீட்டுக்கு? வீடு இருந்தா நீங்க இங்க வந்திருக்க மாட்டீங்க. நான் போகாதீங்கன்னும் சொல்லல, போங்கன்னும் சொல்லல. என்கிட்ட கேட்டு என்ன?

பாப்பா, இங்க வா. முறுக்கைக் கீழ போடாம தின்னு. உன் பேரு என்ன? சரி, சொல்ல வேண்டாம், எப்படியும் மாத்திருவாங்க. உங்க அம்மா பேரு என்ன? அதைச் சொல்லு. அதை மட்டும் மறக்காத.

என்ன? சத்தமாச் சொல்லு.

செத்துட்டாங்களா? யாரு, இவங்களா?

ஓ. நீங்கதான் சொல்லிக் குடுத்திருக்கீங்களா? இங்க இடம் கம்மி, ரெண்டு பேரும் இல்லாத பிள்ளையைத்தான் இப்ப எடுக்காங்கன்னு யாரு சொன்னா? பக்கத்து வீட்டுக்காரங்களா? அவங்க சொன்னது சரிதான். இப்ப அப்படித்தான். அப்ப நீங்க யாருன்னு சொல்லப் போறீங்க? அத்தையா?

ம்.

கேட்டைத் திறக்காங்க. வாட்ச்மேன் பாக்காரு. கண்ணைத் துடைங்க. அத்தைன்னா இவ்வளவு அழ மாட்டாங்க.

பாப்பா, இன்னொரு தடவை சொல்லு பாப்போம். ஐயா கேப்பாரு. அம்மா எங்க?

ம்ஹும். அப்படி இல்ல. சொல்லும்போது அவங்களைப் பாக்காத. பாத்தா எல்லாருக்கும் தெரிஞ்சுரும். என்னைப் பாரு. என்னைப் பாத்துச் சொல்லு.

அம்மா எங்க?

ஆங். இப்பச் சரி.